அப்பாவின் கார் சாவி

அன்புள்ள பிள்ளைகளே,

தென்காசி, இலஞ்சி, மேலகரம், குற்றாலம், செங்கோட்டை, ஆழ்வார்குறிச்சி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் படித்து, இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் குடும்பம் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு நான் மாமா முறை, சிலருக்குப் பெரியப்பா முறை. முறை தெரியாதவர்கள் ஊர்க்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு பஸ் பணிமனையில் 33 வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 71.

இங்கே சாரல் பிடித்துவிட்டது. பேரருவியில் மூன்று நாளாக நல்ல தண்ணீர். ஐந்தருவியில் ஐந்து கிளையும் விழுகிறது. காலையில் காசி விசுவநாதர் கோயில் வாசலில் நின்றால், கோபுரத்துக்குள் புகுந்து வரும் காற்று வேட்டியைப் பறிக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. நாங்கள் ஐந்தாறு பேர் தினமும் காலை ஆறரைக்குக் கூடுகிற டீக்கடை. ஒருவர் தாமதமாக வந்தார். இலஞ்சிக்காரர், 69 வயது, பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்தவர்கள் உங்களிலேயே இருப்பீர்கள், அதனால் பெயர் வேண்டாம். வந்தவர் டீ சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்து என் பக்கம் தள்ளினார். "நீங்களே ஒரு நல்ல ஆளாப் பாத்து வித்துக் குடுத்திருங்க. பையன் சொல்லிட்டான்" என்றார்.

பையன் சொன்னது இவ்வளவுதான்: அப்பா, இனி நீங்கள் வண்டி எடுக்க வேண்டாம், விற்றுவிடுங்கள், எங்கே போக வேண்டுமானாலும் ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள், பணம் நான் அனுப்புகிறேன். அன்பினால் சொன்ன வார்த்தை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு முந்தின நாள் ராத்திரி அப்பா மகனிடம் என்ன சொன்னார் என்பதை அன்றைக்குத்தான் அவர் எங்களிடம் சொன்னார். காரில் உலகத்தைச் சுற்றி வரப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மகன் பயந்துபோனான்.

அந்த வண்டியை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். 1995 மாடல் அம்பாசடர், இசுசூ எஞ்சின், வெள்ளை நிறம், டி.என். 72 நம்பர். பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பித்து, பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய் நிறுத்தி, இதுவரை நான்கு தடவை புதுப்பித்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் நான்தான் அடியில் படுத்துப் பார்த்தேன். சாரல் மாதங்களில் இந்த ஊர் ஈரத்துக்குப் பழைய வண்டி காலையில் மக்கர் பண்ணும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பனி பிடித்தமாதிரி நீர் கோத்துக்கொள்ளும். வாத்தியார் அதற்கென்றே ஒரு பழைய பருத்தித் துணி வைத்திருப்பார். மூடியைக் கழற்றி, உள்ளே துடைத்து, வயரை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் செருகி, சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பி, எஞ்சின் பிடித்ததும் காது கொடுத்துக் கேட்பார். ஒரு பிளக் மக்கர் செய்தால்கூட அவருக்குத் தெரிந்துவிடும். என்னிடம் அப்ரன்டிஸாக வந்த எத்தனையோ பேருக்கு வராத காது அது.

அவருடைய ஓட்டுதலைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். போன வருஷம் ஆவணியில் நாங்கள் இரண்டு பேரும் புனலூர் வரை போய்வந்தோம். செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு ஏறும்போது மழை வலுத்தது. எதிரே கேரளாவிலிருந்து லாரிகள் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தன. வாத்தியார் இரண்டாவது கியரில் ஏறினார். அவசரம் இல்லை, ஹாரன் இல்லை. திரும்பி வரும்போது அதே இறக்கத்தில் அதே இரண்டாவது கியர். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கக் கூடாது என்பது இந்த மலைப்பாதையில் லாரி ஓட்டிய பழைய ஆட்கள் எங்களுக்குச் சொன்ன பாடம். பிரேக் காய்ந்துவிடும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் பாதை குறுகலாக இருந்தது. கீழிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. இவர் முன்னாலேயே ஓரம் கட்டி நின்றுவிட்டார். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. கார் வைத்திருக்கிற இளவட்டங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அன்று கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, கட்டிக்கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். அப்போதுதான் அவர் கேட்டார், "இதே மாதிரி ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் போனா, உலகத்தச் சுத்த எத்தனை நாளாகும்?" நிலநடுக்கோட்டின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர் என்று அவரே சொன்னார். பூகோள வாத்தியார் அல்லவா. நான் மனக்கணக்குப் போட்டேன். இருநூறு நாள். ஆறரை மாதம். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பிள்ளைகளே, இது வயதான மனிதருக்கு வந்த கிறுக்கு என்று நீங்கள் நினைத்தால், இந்த ஆசைக்கு எவ்வளவு பழைய வம்சாவளி இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன். காரில் உலகம் சுற்றும் எண்ணத்தை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவரே தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர்தான். சார்லஸ் கிளிடன் என்ற அமெரிக்கர். டெலிபோன் தொழிலில் சம்பாதித்து, அதிலிருந்து விலகி, மனைவி லூசியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இங்கிலாந்தில் செய்த நேப்பியர் காரில் புறப்பட்டார். 1904-இல் மினியாபொலிஸிலிருந்து கனடாவின் வான்கூவர் வரை போக அவருக்கு நல்ல ரோடு கிடைக்கவில்லை. கார் சக்கரத்தைக் கழற்றி ரயில் சக்கரம் மாட்டி, தண்டவாளத்திலேயே காரை ஓட்டிக்கொண்டு போனார். நாங்கள் புளிச்சோறு சாப்பிட்டபோது எதிரே நின்ற பதின்மூன்று கண் பாலத்தின் மேல் கொல்லம் – செங்கோட்டை ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1904-இல்தான். வாத்தியாருக்கு இந்தப் பொருத்தம் மிகவும் பிடித்துப்போயிற்று. சாலை போட்டுத் தரட்டும் என்று அந்த மனிதர் காத்திருக்கவில்லை என்பார்.

அவருக்கு மிகவும் பிடித்தவர் இன்னொருவர், குந்தர் ஹோல்டோர்ஃப் என்ற ஜெர்மானியர். இவர் கதையை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். லுஃப்தான்ஸா விமானக் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தவர். இந்தோனேஷியாவில் வேலை பார்த்த காலத்தில், ஜகார்த்தா நகரத்துக்கு நல்ல வரைபடம் இல்லை என்று தெருத்தெருவாகச் சுற்றி அவரே ஒரு வரைபடம் தயாரித்தார். அந்த நகரத்தில் பல வருஷம் எல்லோரும் கையில் வைத்திருந்த வரைபடம் அதுதான். ஐம்பதை ஒட்டிய வயதில் வேலையை விட்டுவிட்டு, மெர்சிடிஸ் கம்பெனியின் ஜி வகை டீசல் வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். வண்டிக்கு ஓட்டோ என்று பெயர் வைத்தார். ஒன்றரை வருஷத்தில் திரும்பிவிடலாம் என்பது திட்டம். திரும்பவில்லை. 2014 அக்டோபரில் பெர்லின் நகரத்தில் வண்டியை நிறுத்தியபோது இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிருந்தது. ஒன்பது லட்சம் கிலோமீட்டருக்குப் பக்கம். நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள். வடகொரியாவுக்குள்கூட அனுமதி வாங்கிக்கொண்டு ஓட்டினார்.

ஓட்டல் அறை தேடிப் போகிற மனிதர் இல்லை அவர். காரின் பின்பக்கத்தில் மெத்தை போட்டுப் படுத்தார். சமையல் வெளியே. வண்டிப் பழுதைத் தானே பார்த்தார். பெரும்பாலான வருஷங்கள் அவருடன் பயணம் செய்த துணைவி கிறிஸ்டின் 2010-இல் புற்றுநோயில் இறந்துபோனார். அதன் பிறகும் அவர் நான்கு வருஷம் ஓட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து போட்ட பட்டியலில் மீதமிருந்த நாடுகளுக்குப் போனார். 2021-இல் அவரும் காலமானார். ஓட்டோ இப்போது ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இந்தக் கதையில் வாத்தியாரின் மனதைத் தொட்டது கிலோமீட்டர் கணக்கு இல்லை, கிறிஸ்டின். உங்களுக்குத் தெரிந்திருக்கும், வாத்தியாரின் மனைவி டீச்சரம்மா தவறி மூன்று வருஷம் ஆகிறது. இலஞ்சி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த உலகப் படத்தில் சிவப்புப் பென்சிலால் சில ஊர்களைச் சுற்றியிருப்பது அந்த அம்மாதான். இஸ்தான்புல், வெனிஸ், மச்சு பிச்சு. கடைசியில் ஆஸ்திரேலியாவில் ஓர் ஊர். அங்கே அவர்களுடைய தங்கை மகள் இருக்கிறாள். வண்டியை விற்றுவிடச் சொன்ன பையன், இந்தப் படத்தை இப்படி நின்று பார்த்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். லீவில் வருகிற பத்து நாளில் எதைத்தான் பார்க்க முடியும்? அதனால் சொல்கிறேன்.

வெள்ளைக்காரர்கள் செய்வார்கள், நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. நம் நாட்டுத் தம்பதி சலூ சௌத்ரி, நீனா சௌத்ரி. 1989 செப்டம்பர் 9-ஆம் தேதி டெல்லியிலிருந்து புறப்பட்டு, ஆறு கண்டங்களைக் கடந்து, நவம்பர் 17-ஆம் தேதி டெல்லிக்கே திரும்பினார்கள். 69 நாள், 19 மணி, 5 நிமிஷம். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை. அவர்கள் ஓட்டிய வண்டி கான்டெஸா கிளாசிக். அம்பாசடர் செய்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. கான்டெஸா கிளாசிக்கில் இருந்ததும் இசுசூ எஞ்சின்தான். வாத்தியாரின் வண்டிக்கு அது பெரியம்மா பிள்ளை முறை என்று சொல்லலாம். நான் பலமுறை பிரித்துப் பூட்டிய எஞ்சின். அது தாங்கும். என் கைமேல் சத்தியமாகச் சொல்வேன்.

நம் தமிழ்நாட்டிலிருந்தே 2017 மார்ச்சில் கோவையிலிருந்து மூன்று பெண்கள் டாட்டா ஹெக்ஸா காரில் லண்டனுக்குப் புறப்பட்டார்கள். மீனாட்சி அரவிந்த் என்ற அம்மாவும் இரண்டு தோழிகளும். 24 நாடுகள், எழுபது நாள், ஏறக்குறைய 24,000 கிலோமீட்டர். அதே வருஷம் மும்பையிலிருந்து 73 வயதுத் தாத்தா ஒருவர், மனைவியையும் பத்து வயதுப் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு லண்டன் வரை தானே ஓட்டிப் போனார். எழுபத்து மூன்று! நம் வாத்தியாருக்கு இன்னும் எழுபதே ஆகவில்லை.

நம் மண்ணுக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவை நீங்கள் மறந்துவிட்டீர்களோ என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மதுரையில் பஸ் விட்டு, பெரிய மோட்டார்க் குடும்பத்தை உண்டாக்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் திருக்குறுங்குடிக்காரர். சென்னையில் சிம்சன் கம்பெனியின் முதல் இந்தியத் தலைவராக உட்கார்ந்து, தென்னாட்டு மோட்டார்த் தொழிலுக்கு அடித்தளம் போட்ட அனந்தராமகிருஷ்ணன் ஆழ்வார்குறிச்சிக்காரர், இன்றைய நம் தென்காசி மாவட்டத்துக்காரர். அங்கே பரமகல்யாணி கல்லூரியைக் கட்டியவரும் அவரே. தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்கள் எஞ்சினைக் கண்டு பயந்ததில்லை. நாம் ஏன் இப்போது பயப்பட வேண்டும்?

பணம் ஒரு பெரிய கேள்விதான். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம், கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியை நினைத்துப் பாருங்கள். அவர்கள் காரில் போகவில்லை, விமானத்தில்தான் போனார்கள். ஆனால் டீ விற்ற காசில் தினமும் முந்நூறு ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து அடைத்து, மறுபடி கடன் வாங்கி, இருபத்தைந்து நாடுகளுக்கு மேல் பார்த்தார்கள். 2021-இல் ரஷ்யா போய்வந்த அடுத்த மாதம் விஜயன் இறந்துபோனார். வாத்தியாருக்குப் பென்ஷன் வருகிறது. இலஞ்சியில் சொந்த வீடு. பெரிய செலவு எதுவும் கிடையாது. உங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை.

காகிதத்தில்தான் உங்கள் உதவி வேண்டும். அது எங்களுக்கு ஆகாது. கம்ப்யூட்டரில் போட வேண்டிய விண்ணப்பம் பாதி, வெளிநாட்டுக்கு எழுத வேண்டிய கடிதம் பாதி. சர்வதேச டிரைவிங் பெர்மிட் ஆர்.டி.ஓ. ஆபீசிலேயே தருகிறார்கள், ஒரு வருஷம் செல்லும். அது சுலபம். சிரமமானது கார்னே என்கிற பத்திரம். மனிதருக்குப் பாஸ்போர்ட் எப்படியோ காருக்கு அது அப்படி. இந்த வண்டியை உங்கள் நாட்டில் விற்றுவிட மாட்டேன், திரும்பக் கொண்டுபோய்விடுவேன் என்று அந்தந்த நாட்டுச் சுங்கத்துக்குக் கொடுக்கிற உறுதி. ஒவ்வொரு எல்லையிலும் ஒரு தாளைக் கிழித்து முத்திரை குத்துவார்கள். அதற்கு இங்கே வங்கியில் பிணைத்தொகை கட்ட வேண்டும். தொகை காரின் மதிப்பைப் பொறுத்தது. முப்பது வருஷ அம்பாசடருக்கு இன்று என்ன மதிப்பு இருக்கும்? புதுக் காரை எடுத்துப் போகிறவருக்குக் கழுத்தை நெரிக்கிற பிணைத்தொகை, நமக்கு லேசாக இருக்கும். ஐரோப்பாவில் பல நாடுகளில் அது தேவையே இல்லை.

வழியும் யோசித்துவிட்டோம். தரைவழியாக இந்தியாவிலிருந்து வெளியேறுவது இப்போது கஷ்டம். வாகா பக்கம் அடைத்துக் கிடக்கிறது. மணிப்பூர் வழியாகப் பர்மாவுக்குள் போவது அங்கே ஆட்சி மாறியதிலிருந்து நம்பத்தக்கதல்ல. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் லண்டனிலிருந்து டெல்லி, கல்கத்தா வரை பஸ்ஸே ஓடியது. இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக. 1979-க்குப் பிறகு அந்தப் பாதை சிதறிப்போயிற்று. ஆகவே கப்பல்தான். இருபது அடி கன்டெய்னருக்குள் அம்பாசடர் தாராளமாக நிற்கும், நான் அளந்து பார்த்துவிட்டேன். தூத்துக்குடி இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். வ.உ.சி. பெயர் தாங்கிய துறைமுகத்திலிருந்து வண்டி ஏறுவதைக் கரையில் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருக்கிறது.

வடஅமெரிக்காவிலிருந்து தென்அமெரிக்காவுக்கு ரோடு நேராகப் போகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை என்று வாத்தியார் திருத்தினார். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே டேரியன் என்ற காடு இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு ரோடே கிடையாது. சதுப்பும் காடும். அங்கே மறுபடி கப்பல். ஆஸ்திரேலியாவில் இறக்கும்போது சக்கரத்தில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தாலும் விடமாட்டார்களாம், அடியெல்லாம் கழுவிக் காட்ட வேண்டும். கழுவுவது என் பொறுப்பு. ஐரோப்பாவில் சில நகரங்களின் நடுப்பகுதிக்குள் புகை கக்குகிற பழைய வண்டியை விடுவதில்லை. வெளியே நிறுத்திவிட்டு ரயிலில் போய்ப் பார்க்கலாம். நம் வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம். அங்கே ரோட்டில் போவதும் வலப்பக்கம். முன்னால் போகிற லாரியைத் தாண்டும்போது ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த இடப்பக்கத்தில் நான் உட்காரப்போகிறேன்.

ஆமாம், பிள்ளைகளே. நானும் போகிறேன். அதனால்தான் இந்த மடலில் ஒளிக்க எதுவும் இல்லை.

உங்கள் பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. வயது வயதுதான். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. வாத்தியாருக்கு ரத்த அழுத்தம், மாத்திரை போடுகிறார். ராத்திரியில் எதிர்வெளிச்சம் எங்கள் இருவருக்கும் ஆகாது. அதனால் பொழுது சாய்ந்த பிறகு வண்டி எடுப்பதில்லை என்று ஒப்பந்தம். ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கு லைசென்ஸை ஐந்தைந்து வருஷத்துக்குத்தான் புதுப்பிக்கிறார்கள், டாக்டர் சான்றிதழோடு. அது நியாயமான சட்டம். அந்தச் சான்றிதழை நாங்கள் தெரிந்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வதில்லை. கண்ணை நிஜமாகவே காட்டித்தான் வாங்கினோம்.

சாவியை வாங்கிவைக்க வேண்டிய நாள் ஒன்று வரத்தான் செய்யும். பழகிய தெருவில் திருப்பம் மறந்துபோகிற நாள், வண்டியில் விழுந்த நெளிசல் எப்படி விழுந்தது என்று தெரியாமல் நிற்கிற நாள், பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரில் கால் போகிற நாள். என் சித்தப்பாவுக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அவருடைய மூத்த மகன் மும்பையிலிருந்து புறப்பட்டு வந்து, ஒரு வாரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வண்டியில் போய்வந்தான். எட்டாம் நாள் சித்தப்பாவே சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. அப்படிச் செய்யுங்கள். போனில் சொல்லாதீர்கள். உங்கள் அப்பா ஓட்டும்போது நீங்கள் கடைசியாக எப்போது பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்? உட்கார்ந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

டீக்கடையில் சாவியை வைத்துவிட்டு வாத்தியார் எழுந்து நடந்து போனார். அவர் இலஞ்சியிலிருந்து நடந்து வந்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். செருப்பெல்லாம் சேறு. முப்பது வருஷத்தில் நான் அவரைக் காரோ சைக்கிளோ இல்லாமல் பார்த்ததே இல்லை. அதன் பிறகு மூன்று நாள் கடைக்கு வரவில்லை. நான்காம் நாள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உலகப் படத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இலஞ்சி வாத்தியாரின் மகனுக்குத் தனியே ஒரு வார்த்தை. தம்பி, நீ சின்ன வயதில் என் பணிமனைக்கு வந்து, பழைய பேரிங் குண்டுகளைப் பை நிறைய அள்ளிக்கொண்டு போவாய். உனக்கு ஞாபகம் இருக்கலாம். இந்தத் தீபாவளிக்கு நீ வருகிறாய் என்று அப்பா சொன்னார். வந்தவுடன் ஒரு காரியம் செய். அப்பாவை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, புளியரை ஏறி ஆரியங்காவு வரை போய்வா. அதற்குப் பிறகும் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், நான் உன் பக்கம் நிற்பேன். வேண்டாம் என்று தோன்றாவிட்டால், அந்தக் கார்னே விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பித் தா.

மற்றப் பிள்ளைகளுக்கும் இதேதான் என் வேண்டுகோள். உங்கள் அப்பா உலகம் சுற்றப் போகாமல் இருக்கலாம். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கோ, பாபநாசம் தீர்த்தத்துக்கோ, மாமன் மகள் வீட்டுக்கோ போகவே வண்டி எடுப்பவராக இருக்கலாம். அவர் கையிலும் சாவி இருக்கட்டும்.

வாத்தியாரின் வண்டியை நான் விற்கவில்லை. மேலகரத்தில் என் ஷெட்டில் நிற்கிறது. பேட்டரியைக் கழற்றவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்து ஸ்டார்ட் செய்து, பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைக்கிறேன். இன்று காலையும் முதல் திருப்பிலேயே பிடித்தது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்,
மேலகரம், தென்காசி.